தொப்பி போட்ட ஆமையும் 25 வெறும் பெட்டியும்: பள்ளிக்கூடத்துக்கு வந்த 'பச்சை' விளம்பரம்

உவர்மலைவாசி | 08.09.2025, இரவு 8.40
சிறுவர் தினம் வருது எண்டு ஒரு பழப்பானக் கம்பனி இங்க திருகோணமலை நகரப் பள்ளிக்கூடங்களுக்குத் துண்டுப்பிரசுரம் குடுத்திருக்கு. பெயர் வேண்டாம். தொப்பி போட்ட கடலாமை ஒண்டு சிரிச்சுக்கொண்டு நிக்குது. கீழ நாலு வசனம். பெட்டி 100% மீள்சுழற்சிக்கு உகந்தது. ஸ்ட்ரோ உக்கக்கூடியது. 25 வெறும் பெட்டிக்கு ஒரு கண்டல் (கடலோரச் சேற்றில வளர்ற மரம்) கன்று நடுவம். கூடச் சேர்க்கிற வகுப்புக்குப் 'பச்சை வகுப்பு' கிண்ணம். இதில எது சரக்கு, எது பூச்சு? அதிபரிட்டப் போனால் என்ன கேக்கலாம்?

லேபல்காரன் | 08.09.2025, இரவு 10.05
நாலிலும் அப்பட்டமான பொய் என்று பிடிக்க ஒன்றும் இராது. அதற்கென்றே ஆள் வைத்து எழுதுகிறார்கள். வசனம் உண்மையாக இருக்கும், பிள்ளை விளங்கிக்கொள்வது வேறாக இருக்கும்.

முதலில் பெட்டி. பார்க்கக் கடதாசி மாதிரி இருந்தாலும் வெளியிலிருந்து உள்ளே ஆறு படை: பொலித்தீன், அச்சடித்த மட்டை, மறுபடி பொலித்தீன், அலுமினியத் தாள், பிறகும் இரண்டு படை பொலித்தீன். நிறையில் ஏறத்தாழ 75 வீதம் மட்டை, 20 வீதம் பொலித்தீன், 5 வீதம் அலுமினியம். இதைப் பிரிக்கலாம், வழி இருக்கிறது. பெரிய தொட்டியில் தண்ணீர் விட்டுக் கடைந்தால் நார் கரைந்து தனியே வரும், பொலித்தீனும் அலுமினியமும் ஒட்டியபடி மிஞ்சும். ஆனால் அதற்கு அந்த இயந்திரம் உள்ள ஆலை வேண்டும், பெட்டி காய்ந்து, தட்டையாக்கப்பட்டு, தொன் கணக்கில் அங்கே போய்ச் சேர வேண்டும். வகுப்பறை மூலையில் இரண்டு கிழமை கிடந்த பெட்டிக்குள் மிச்சப் பானம் புளித்து, பூஞ்சணம் பிடித்து, எறும்பு ஏறியிருக்கும். நார் அங்கேயே கெட்டுவிடும்.

ஆகவே கேட்க வேண்டியது: எந்த ஆலை, எந்த ஊரில், இங்கிருந்து யார் ஏற்றிப் போகிறார்கள், போன வருடம் எத்தனை கிலோ? இதற்குப் பதில் இல்லாத '100%' வெறும் அச்சு மை.

ஊரிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று: தெருவால் வரும் பழைய இரும்பு, போத்தல் வாங்குபவரிடம் அந்தப் பெட்டியை நீட்டுங்கள். விலை சொன்னால் அது எங்கேயோ போகிறது. தலையாட்டிவிட்டுப் போனால் குப்பை லொறிக்குத்தான்.

பொதிக்காரன் | 09.09.2025, காலை 6.50
ஸ்ட்ரோவுக்கு நான் வாறன். 'உக்கக்கூடியது' எண்டு வாறது இரண்டு சாதி.

ஒண்டு கடதாசி. கடதாசி உக்கும், சரி. ஈரத்தைத் தாங்க அதில என்ன பூசியிருக்கு எண்டதுதான் கேள்வி. 2023-ல பெல்ஜியம் ஆய்வாளர்கள் சோதிச்ச 20 கடதாசி ஸ்ட்ரோ வகையில 18-ல பி.எப்.ஏ.எஸ். எண்ட புளோரின் இரசாயனம் இருந்தது. அளவு குறைவுதான், ஆனால் அது லேசில அழியாத சாதி. 'உக்கும்' எண்ட சொல்லோட பொருந்தாது.

மற்றது பி.எல்.ஏ., சோளமாவிலயிருந்து வாற பிளாஸ்டிக். அது உக்கும் எண்டு சான்று குடுக்கிற ஐரோப்பியத் தரம் ஈ.என். 13432. அந்தச் சோதனை நடக்கிறது தொழிற்சாலைக் கூட்டெருவில, சுமார் 58 பாகை செல்சியசில. 12 கிழமையில 90 வீதம் 2 மில்லிமீற்றர் அரிதட்டால விழ வேணும், 6 மாதத்துக்குள்ள 90 வீதம் காபனீரொட்சைட்டா மாற வேணும். வீட்டுக் கூட்டெருத் தொட்டியில அந்தச் சூடு அத்தனை நாள் நிலைக்காது. டச் பே கடல் தண்ணி அதின்ர பாதிச் சூட்டுக்கு அங்கால இங்கால. உப்புவெளி மணலில விழுந்த பி.எல்.ஏ. ஸ்ட்ரோ, ஆமையைப் பொறுத்தவரை, பிளாஸ்டிக் ஸ்ட்ரோதான்.

எது எண்டு பார்க்க: சின்னத் துண்டா வெட்டி ஒரு கிளாஸ் தண்ணிக்குள்ள போட்டு, விரலால அமத்திக் காத்துக்குமிழை எடுங்கோ. மிதந்தால் சாதாரண பொலிபுரொப்பிலீன் (அடர்த்தி 0.9). அடிக்குத் தாண்டால் பி.எல்.ஏ.யாக இருக்கலாம் (1.24). பிறகு கொதிச்சு இறக்கின தண்ணிக்குள்ள விடுங்கோ. பி.எல்.ஏ. 60 பாகைக்குக் கிட்ட துவண்டுபோகும். குமிழ் எடுக்காமல் பார்த்தால் எல்லாம் மிதக்கும், பிழையான முடிவு வரும்.

உவர்மலைவாசி | 09.09.2025, காலை 7.15
அப்ப தொப்பி மட்டும்தான் உண்மையோ?

பொதிக்காரன் | 09.09.2025, காலை 7.20
தொப்பிக்கும் சான்றிதழ் கேளுங்கோ.

லேபல்காரன் | 09.09.2025, இரவு 9.30
ஸ்ட்ரோவில் இன்னொன்று. இலங்கையில் 2023 ஒக்டோபர் 1 முதல் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி, முள்ளுக்கரண்டி, கத்தி, கோப்பை, பீங்கான் (சாப்பாட்டுத் தட்டு), யோகட் கரண்டி, மாலை, இடியப்பத் தட்டு எல்லாம் தடைப்பட்டியலில். சட்டம் தடுத்ததை விட்டுவிட்டு 'கடலுக்காக விட்டோம்' என்று ஆமையை நிறுத்துவது ஒரு பழைய உத்தி. ஓசோன் படையைக் கெடுக்கும் சி.எப்.சி. வாயு தடைசெய்யப்பட்ட பிறகும் 'சி.எப்.சி. இல்லை' என்று தெளிப்பான் தகரங்களில் வருடக்கணக்காக அச்சடித்தார்கள். 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீன் இங்கே 2017-இலேயே தடை. இப்போது 'எங்கள் பை 20 மைக்ரோனுக்கு மேல்' என்று இலைப்படம் போட்டு வருகிறது. சட்டத்துக்கு அடங்கி நடப்பதற்கும் ஒரு பதக்கம்!

பொம்மைப் பக்கமும் இதே கதை. 2021 மார்ச் 31 முதல் காற்றடைக்கும் பொம்மைகளுக்குத் தடை. பலூன், பந்து, நீரில் மிதக்கும் விளையாட்டுச் சாமான்களுக்கு விலக்கு. 20 மில்லிலீற்றருக்கும் அதற்குக் குறைவான சஷே எனும் சிறு பொதிகளும் அன்றே நின்றன, உணவும் மருந்தும் தவிர. சிறுவர் ஷாம்பு ஒன்று 'சஷேயை விட்டோம்' என்று மார்தட்டினால் அந்தத் திகதியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

லேபல்காரன் | 10.09.2025
இனிப் படம். எனக்கு வசனத்தைவிட இதுதான் பெரிய விசயம்.

வசனத்துக்கு ஆதாரம் கேட்கலாம். சிரிக்கும் ஆமைக்கு என்ன ஆதாரம் கேட்பது? 7, 8 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு விளம்பரம் தம்மை வாங்கவைக்கப் பார்க்கிறது என்பதே பிடிபடாது என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2004-இல் சொன்னது. தரம் 3 பிள்ளைக்கு அந்தப் படத்தின் பொருள் 'இதைக் குடித்தால் ஆமை பிழைக்கும்' என்பதுதான். கம்பனி அதை ஓரிடத்திலும் எழுதவில்லை, எழுதவும் தேவையில்லை.

படத்தையும் உரிமைகோரலாக எடுத்துக்கொண்ட தீர்ப்பு உண்டு. பிரித்தானியாவில் இன்னொசென்ற் என்ற கம்பனியின் பழப்பான விளம்பரம், கார்ட்டூன் பாத்திரங்கள் பாட்டுப் பாடிப் பூமியைத் திருத்துவது போல வந்தது. 2022 பெப்ரவரியில் அங்குள்ள விளம்பரத் தர அதிகாரசபை அதை நிறுத்தியது. பானத்தை வாங்கினால் சுற்றாடலுக்கு நன்மை என்ற எண்ணத்தை விளம்பரம் தருகிறது, பொருளின் முழு வாழ்வுக்கும் அதற்குச் சான்று இல்லை என்பது காரணம். பாட்டும் பொம்மையும் 'சும்மா' என்ற வாதம் எடுபடவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 பணிப்புரை 2026 செப்ரெம்பர் 27 முதல் நடைமுறைக்கு வருகிறது. சான்றில்லாத 'பசுமையானது', 'சூழலுக்கு நட்பானது' போன்ற பொதுச் சொற்கள் அதன்படி தடை. எங்கேயோ மரம் நட்டதைக் காட்டி 'இந்தப் பொருளால் சூழலுக்குத் தாக்கமில்லை' என்பதும் தடை. நம்முடைய கடைக்கு அந்தச் சட்டம் வராது, ஆனால் அங்கே விற்கும் அதே கம்பனி இங்கே என்ன படம் போடுகிறது என்று ஒப்பிடலாம்.

லேபல்காரன் | 10.09.2025, பிந்திச் சேர்த்தது
பச்சை நிறம் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. பானங்களுக்கு இலங்கையில் 2016 ஆகஸ்ட்டில் வந்த சீனி நிறக்குறியில் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2-க்குக் கீழே பச்சை. பெட்டியின் முன்பக்கம் பெரிய பச்சை இலை, பின்பக்கம் சின்னச் செம்மஞ்சள் வட்டம் என்றால் பிள்ளை எதை நிறக்குறி என்று எடுக்கும்? வட்டத்தைத் தேடிக் காட்டிக் கொடுங்கள்.

கண்டல்கரை | 11.09.2025
கன்று நடுகைக்கு நான் எழுதுகிறேன். நீளும், பொறுங்கள்.

சுனாமிக்குப் பின் இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்த கட்டுரை 2017-இல் வந்தது. நட்டது 1,000 முதல் 1,200 ஹெக்ரயர். தப்பியது 200 முதல் 220 வரை. ஒன்பது இடத்தில் ஒரு கன்றும் இல்லை. பாதிக்கு மேல் பிழைத்தது மூன்றே இடம்.

காரணங்கள் எளிமையானவை. கண்டல் காய் முருங்கைக்காய் போல நீளம். பிடுங்கிச் சேற்றில் குத்தினால் 'நட்டாயிற்று'. பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்க அதைவிட வசதியான செடி கிடையாது. அதனால் எந்தக் கரையென்று பாராமல் அதையே குத்துகிறார்கள். கண்ணா என்ற வேறு சேற்றுமரம் வளர வேண்டிய மேட்டில் கண்டல் காயும். எந்நேரமும் தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் மூழ்கிச் சாகும். தப்பியதில் பாசி சுற்றும், சிப்பி ஒட்டும், மாடு மிதிக்கும். தம்பலகாமம் குடா, உப்பாறு, கிண்ணியாப் பக்கம் யாராவது நடப்போவதாகச் சொன்னால் முதலில் வற்றிலும் பெருக்கிலும் அந்த இடம் எத்தனை மணி நேரம் தண்ணீருக்குள் இருக்கிறது என்று பார்த்தார்களா என்று கேளுங்கள். அங்கே முன்பு கண்டல் நின்றதா? வெறும் சேற்றுவெளி என்றால் அது பறவையும் நண்டும் இரை தேடும் இடம், வெறுமை என்று நிரப்பக் கூடாது.

நடுகைச் செலவைவிடப் பராமரிப்பு கூட. இடையில் செத்ததற்கு மாற்றுக் கன்று வைப்பது, வேலி, பாசி நீக்குவது. துண்டுப்பிரசுரத்தில் 'நடுவோம்' என்று இருக்கும், 'மூன்றாம் வருடம் எத்தனை நிற்கும்' என்று இராது. பெட்டிக்குக் கன்று கணக்கென்றால், உயிரோடு நிற்கும் கன்றுக் கணக்கை இடத்தின் பெயரோடு பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.

சமையலறைப்பூனை | 12.09.2025
தலைப்பு கொஞ்சம் விலகுது, மன்னிக்கோணும். யானைப் படம் போட்ட மூங்கில் பீங்கான், 'கோதுமை வைக்கோல்' சாப்பாட்டுப் பெட்டி, மூங்கில் பல்துலக்கி. இதுகளும் பூச்சோ?

பொதிக்காரன் | 12.09.2025
விலகேல்லை, சொந்தக்காரர்தான்.

மூங்கில் பீங்கான்: வழவழப்பா, கையில கனமா, ஓரம் வட்டமா வார்த்தது போல இருந்தால் அது மூங்கில் பலகை இல்லை. மூங்கில் மாவைக் கலந்த மெலமைன் பிசின் எண்ட பிளாஸ்டிக். சூடு பட்டால் போர்மல்டிஹைட்டும் மெலமைனும் சாப்பாட்டுக்குள்ள இறங்கும். ஜேர்மன் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019-ல சொன்னது, 70 பாகைக்கு மேற்பட்ட பானத்துக்கு இதைப் பாவிக்க வேண்டாம் எண்டு. மூங்கில் மாவைப் பிளாஸ்டிக்கில கலக்க அங்க அனுமதியே இல்லை. 2021-ல ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கச் சந்தையில இருந்து தேடி எடுத்தவை. சுடுபால், சூப்பு, மைக்ரோவேவ் மூண்டும் கூடாது. மேல்பூச்சு மங்கி, சொரசொரப்பா வந்தால் எறியுங்கோ.

வைக்கோல் பெட்டி: பொலிபுரொப்பிலீனுக்குள்ள வைக்கோல் தூள். எத்தனை வீதம் எண்டு எழுதியிருக்காது. கலந்ததால பிளாஸ்டிக் வாங்கிறவனும் எடுக்கான், மண்ணும் எடுக்காது. கலக்காத பெட்டி எண்டால் அடியில 5 எண்ட இலக்கத்தோட தனியா வித்திருக்கலாம்.

பல்துலக்கி: பிடி மூங்கில், தும்பு நைலோன். குறட்டால தும்பைப் பிடுங்கி எடுத்திட்டுப் பிடியை வெட்டிப் புதைச்சால் சரி. முழுசாப் புதைச்சால் நைலோன் மண்ணில மிஞ்சும். மூண்டிலயும் கொஞ்சமாவது நேர்மையான சாமான் இதுதான்.

பழைய சில்வர் பெட்டி பத்து வருசம் வரும். அதுக்கு யானைப்படம் இல்லை, அதுதான் குறை.

சமையலறைப்பூனை | 12.09.2025
ஸ்டிக்கர் ஒட்டலாம்.

பொதிக்காரன் | 12.09.2025
ஸ்டிக்கர் வினைல்.

அலைபேசிஅண்ணன் | 13.09.2025
எல்லாரையும் ஒரே தட்டில போடாதேங்கோ. லெகோ கட்டைகள் இப்ப கரும்பிலதான் செய்யினம். பெரிய கம்பனியும் மாறும்.

லேபல்காரன் | 13.09.2025
அண்ணன், கட்டை கரும்பில் இல்லை. 2018-இல் கரும்புப் பொலித்தீனில் வந்தவை இலை, பற்றை, மரம் போன்ற மெதுவான துண்டுகள். கட்டை ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்; அழுத்தினால் பிடிக்க வேண்டும், இழுத்தால் கழர வேண்டும், அதற்குப் பொலித்தீன் சரிவராது. 2021-இல் பழைய பெட் (தண்ணீர், சோடாப் போத்தல் செய்யும் பிளாஸ்டிக்) போத்தலில் மாதிரிக் கட்டை காட்டினார்கள். 2023-இல் கைவிட்டார்கள், ஏனென்றால் இயந்திரங்களை மாற்றி அதைச் செய்தால் காபன் வெளியேற்றம் கூடும் என்று கணக்கு வந்தது. அந்தத் தோல்வியை வெளியே சொன்னதற்கு நான் மதிப்புக் கொடுப்பேன். 2014-இல் ஷெல் எண்ணெய்க் கம்பனியின் சின்னம் பொறித்த பொம்மைகளுக்கான ஒப்பந்தத்தை இனிப் புதுப்பிக்க மாட்டோம் என்று அறிவித்ததும் அவர்களே, கிறீன்பீஸ் அமைப்பின் பிரசாரத்துக்குப் பிறகு. எண்ணெய்க் கம்பனிக்குப் பொம்மை எதற்கு? பிள்ளைக்குச் சின்னம் பழக வேண்டும், அவ்வளவுதான்.

'கடலுக்குப் போகவிருந்த பிளாஸ்டிக்கில் செய்த பொம்மை' என்று பார்த்தால் அடிக்குறிப்பை வாசியுங்கள். வழமையான வரைவிலக்கணம்: கரையிலிருந்து 50 கிலோமீற்றருக்குள், ஒழுங்கான குப்பைச் சேகரிப்பு இல்லாத இடத்தில் எடுத்தது. அந்தக் கணக்கில் கந்தளாய்க் குளக்கட்டில் பொறுக்கிய போத்தலும் கடல் பிளாஸ்டிக். கடலில் இருந்து ஒரு துண்டும் எடுத்திருக்கத் தேவையில்லை.

லேபல்காரன் | 15.09.2025
போட்டிக்குத் திரும்புவோம். 25 பெட்டியை ஒருக்கால் எண்ணிப் பாருங்கள்.

180 மில்லிலீற்றர் பெட்டி வெறுமையாகச் சுமார் 8 கிராம். 25 பெட்டி 200 கிராம். அதில் மட்டை 150 கிராம், ஒன்றும் வீணாகாமல் மீண்டால் ஏ4 தாள் 30 அளவு. அதற்குப் பிள்ளை குடித்தது நாலரை லீற்றர். 100 மில்லிலீற்றருக்கு 8 கிராம் சீனி என்று வைத்தால் 360 கிராம் சீனி. ஒரு கன்றுக்கு.

எண்ணிக்கைக்குப் பரிசு கொடுக்கும் எந்தப் போட்டியிலும் இதுதான் நடக்கும். கூட வாங்கியவன் வெல்வான். தண்ணீர்ப் போத்தல் கொண்டுவரும் வகுப்பு கடைசி இடம். அதற்குப் பெயர் 'பச்சை வகுப்பு'.

முதல் குறிப்பில் சொன்ன விலைச் சோதனையோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பெட் போத்தலுக்கு அந்த வியாபாரி விலை சொல்வார், ஆகவே போத்தல் சேர்ப்பு இந்தப் பெட்டி சேர்ப்பைவிட ஒரு படி மேல். அரை லீற்றர்ப் போத்தல் 15 முதல் 20 கிராம். கிலோவுக்கு 50 முதல் 65 போத்தல். மூடி வேறு பிளாஸ்டிக், மிதக்கும், போத்தல் தாழும், ஆலையில் தண்ணீரில் பிரிப்பது இப்படித்தான். கழுவி, நசித்து, தனியே கட்டினால் விலை குறையாது. ஆனால் பரிசைக் கடற்கரையிலும் தெருவிலும் எடுத்ததற்குக் கொடுக்க வேண்டும், வாங்கிக் குடித்ததற்கல்ல.

முன்னோடிரீச்சர் | 17.09.2025
20 ஆம் திகதி சனி, சர்வதேசக் கடற்கரைத் துப்புரவு நாள். அதே கம்பனி ரீசேட்டும் தண்ணிப் போத்தலும் தாறம் எண்டு கேட்டிருக்கு. வேண்டாம் எண்டு சொல்லவும் ஏலாது, பிள்ளையளுக்குக் கையுறைக்கே காசில்லை.

லேபல்காரன் | 17.09.2025
ரீச்சர், கையுறையும் சாக்கும் அவர்களிடம் கேட்டு வாங்குங்கோ. ரீசேட், சின்னப் போத்தல், பிளெக்ஸ் பதாகை மூன்றும் வேண்டாம் என்று எழுத்தில் சொல்லுங்கோ. பிளெக்ஸ் பி.வி.சி. பூசிய துணி, அன்று பின்னேரமே குப்பை. 20 லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல் இரண்டு, பிள்ளைகளின் சொந்தக் கோப்பை, போதும்.

முக்கியமானது எண்ணுவது. பொறுக்கியதை நிறை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல் ஒரு பாயில் கொட்டி, மார்க் (பிராண்ட்) வாரியாக எழுதுங்கோ. பத்தி இப்படி: மார்க், கம்பனி, என்ன சாமான், எந்தப் பிளாஸ்டிக், உறை ஒரு படையா பல படையா, எத்தனை. உலகத்தில் 2018 முதல் பல ஊர்களில் இந்த முறையில் செய்கிறார்கள். நாலு பிள்ளைக்கு ஒரு தாள்: ஒருவர் எடுக்க, ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத, ஒருவர் சாக்கில் போட. மார்க் அழிந்தவற்றை 'தெரியாது' என்று தனியே எண்ணுங்கோ, ஊகிக்க வேண்டாம். வலையும் கயிறும் தனிக் கணக்கு. இல்லாவிட்டால் 'மீன்பிடிக் குப்பைதான் கூட' என்று கம்பனி சொல்ல இடம் கிடைக்கும். கையுறை தரும்போதே பட்டியல் வெளியிடுவோம் என்று அனுசரணையாளருக்குச் சொல்லிவிடுங்கோ.

முன்னோடிரீச்சர் | 22.09.2025
பட்டியல் எண்டதும் அனுசரணை நிண்டுபோச்சு. கையுறை பழைய மாணவர் தந்தவை. எண்ணினதில முன்னுக்கு வந்தது பிஸ்கற் உறையும் சின்ன ரொபி உறையும், பழப்பானப் பெட்டி அஞ்சாமிடம்.

லேபல்காரன் | 22.09.2025
நல்லது, ஐந்தாமிடம் என்றே ஒட்டுங்கோ. கூட்டிச் சொன்னால் பிறகு ஒருவரும் நம்ப மாட்டார்கள். பிஸ்கற், ரொபி உறை பலபடை, விலை போகாது. அதில்தான் இலைப்படமும் ஆகக் கூட இருக்கும், கவனித்துப் பாருங்கள்.

உவர்மலைவாசி | 24.09.2025
முறைப்பாடு செய்யிறதெண்டால்?

லேபல்காரன் | 24.09.2025
நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, 2003 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கச் சட்டம். பிழையாக வழிநடத்தும் நடத்தைக்குப் பிரிவு 30, பொய்யான எடுத்துரைப்புக்குப் பிரிவு 31. வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில். தொலைபேசி 1977, ஆனால் பேசியதோடு நிறுத்தாமல் கடிதம் கொடுங்கள். பற்றுச்சீட்டு, பெட்டியின் ஆறு பக்கப் படம், தொகுதி இலக்கம், துண்டுப்பிரசுரத்தின் மூலப்பிரதி. 'ஏமாற்றுகிறார்கள்' என்று பொதுவாக எழுதினால் கோப்பில் தூங்கும். ஒரு வசனத்தை எடுத்து, 'திருகோணமலையில் இந்தப் பெட்டியை எடுக்கும் ஆலை எது என்று கேட்டேன், பதில் இல்லை' என்று திகதியோடு எழுதுங்கள். அதற்கு முதலில் கம்பனிக்கு ஒரு கடிதம், பதிவுத்தபாலில். பிரதி மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு.

அதிபரிடம் போகும்போது சண்டைக்குப் போகாதீர்கள், அவருக்குக் கிண்ணமும் படமும் கல்வி வலயத்தில் பேர் தரும். மாற்று ஒன்றைக் கையில் கொண்டு போங்கள். ஒவ்வொரு வெள்ளியும் வகுப்புக் குப்பைக் கூடையை நிறை பார்த்து, பிள்ளை எண்ணிக்கையால் வகுத்து, குறைந்த வகுப்புக்குக் கிண்ணம். சமையலறைத் தராசு போதும். ஈரக் கழிவைத் தனியே நிறுங்கள், இல்லாவிட்டால் மாம்பழக் காலத்தில் கணக்குக் குழம்பும்.

உவர்மலைவாசி | 26.09.2025
அதிபர் தராசுக்குச் சம்மதம். கிண்ணம் ஏற்கெனவே வந்திட்டுதாம், அதில கம்பனிப் பேர் இருக்கு.

பொதிக்காரன் | 26.09.2025
பேர் அச்சா, ஸ்டிக்கரா? ஸ்டிக்கர் எண்டால் தலைமயிர் உலர்த்தியால சூடு காட்டி உரியுங்கோ, பசைக்கு மண்ணெண்ணெய்.